எம்டன் குண்டு போட்ட நாளில் ஒரு நிக்காஹ்

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பழனிவேலுக்கு ஒரு பெரிய உண்மை புரிந்துவிட்டது. நல்ல செய்திக்கு இந்த உலகத்தில் சல்லிக்காசு மதிப்பு கிடையாது.

ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். சிலர் மொட்டை மாடியில் கத்தரிச் செடி வைத்து, காய்க்கிற ரெண்டு காயைத் தெரு முழுக்கக் காட்டுவார்கள். பழனிவேல் வாட்ஸ்அப்பில் 'வரலாற்றில் இன்று' ஆரம்பித்தார். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருக்காரர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள், காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பங்காளிகள் எல்லோரும் இருக்கிற குழு அது. விடிவதற்குள் ஒரு பதிவு போட்டுவிடுவார். இதே தேதியில் என்றைக்கோ எங்கேயோ நடந்த ஒரு சம்பவம், கீழே ஒரு படம், அதற்கும் கீழே 'தொகுப்பு: பழனிவேல்'.

முதலில் மனுஷன் நல்லதாகத்தான் போட்டார். யாரோ மருந்து கண்டுபிடித்தார்கள், யாரோ பாலம் கட்டினார்கள். ரெண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ஒருவர் பழனிவேலே, இன்னொரு நம்பரிலிருந்து. வெறுத்துப்போய் ஒருநாள் நூறு வருஷத்துக்கு முந்தி கவிழ்ந்த ஒரு கப்பலைப் போட்டார். குழுவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. கும்பிடு, கண்ணீர், 'அய்யோ பாவம்' என்று வந்து குவிந்தன. 'இப்போ எல்லாரும் நலமா?' என்று ஒரு பங்காளி கேட்டிருந்தார்.

அதோடு சரி. அதற்கப்புறம் பழனிவேல் நல்லதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூகம்பம், வெள்ளம், போர், தீ விபத்து என்று தேடித் தேடி எடுத்தார். "ஊர்ல அவனவன் ரிட்டயர் ஆனா காசி ராமேஸ்வரம் போறான். நீங்க செத்தவங்க கணக்கு எழுதுறீங்க" என்று அவர் மனைவி இளவரசி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. செப்டம்பர் முப்பதுக்கு உரிய லாத்தூர் நிலநடுக்கத்தை ஆகஸ்டிலேயே படத்தோடு தயார் செய்து போனில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த மாதக் கடைசி எப்போது வரும் என்று காத்திருந்தார். அது வந்தால் குழுவே கலங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அவருடைய பதிவுகளை ஒன்று விடாமல் படிக்கிற ஆள் குலாம் முகம்மது. ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் குடையும் பள்ளிக்கூடப் பையும் விற்கிறவர். பள்ளிக்கூட நாளிலிருந்து ரெண்டு பேரும் ஒட்டு. குலாமின் மனைவி ரசியா பழனிவேலை 'அண்ணே' என்று கூப்பிடுவாள். அதனால் குலாமுக்கு அவர் மச்சான். அவர்களுடைய ஒரே பெண் நிலோஃபருக்கு அவர் மாமா. இது வாய்வார்த்தை உறவில்லை. நிலோஃபருக்குக் காது குத்தினபோது பழனிவேல் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அவள் கடித்த தழும்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது.

குலாமுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. நல்ல நாள் கெட்ட நாள் பார்க்க மாட்டார். பழனிவேல் வீடு குடிபோனபோது ராகு காலம் முடியட்டும் என்று எல்லோரையும் வாசல் வெயிலில் நிறுத்திவைத்தார். "வூடு உன்னுது, சாவி உன் கையில, வெயில்ல நிக்கிறது மட்டும் நாங்களா?" என்று அன்றைக்குக் கேட்டதைக் குலாம் இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப்பட்டவர் செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை போன் செய்தார்.

"மச்சான், இந்தப் பத்தொம்பதாம் தேதி உலகத்துல இன்னா நடந்துச்சு?"

பழனிவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்தடுத்த பதிவுகளை முன்கூட்டியே கேட்கிற அளவுக்கு ஒரு ரசிகன்! "பத்தொம்பதா? மெக்சிகோ மச்சான். பூகம்பம். அடுக்கு மாடியெல்லாம் அப்படியே அப்பளமா நொறுங்கிப் போச்சு" என்றார் உற்சாகமாக.

"அப்படியா" என்று குலாம் வைத்துவிட்டார்.

ரெண்டு நாள் கழித்து இருபத்தொன்றைக் கேட்டார். தைவான், அதுவும் பூகம்பம். அதற்கடுத்து இருபத்தெட்டைக் கேட்டார். "அது இந்தோனேசியா. பூகம்பமும் ஆச்சு, பின்னாடியே சுனாமியும் வந்துச்சு" என்றார் பழனிவேல். கடலூர்க்காரனிடம் சுனாமி என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் குலாம் 'யா அல்லா' என்று போனை வைத்துவிட்டார். தன்னுடைய சொல்லுக்கு இவ்வளவு சக்தியா என்று பழனிவேல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ரசியா வந்து நின்றாள். ஸ்கூட்டரை ஓட்டி வந்த நிலோஃபர் வாசலிலேயே நின்றுவிட்டாள். எப்போதும் "மாமா" என்று கத்திக்கொண்டே உள்ளே வருகிற பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அண்ணே, எங்க வூட்டு விஷயத்துல இனிமே பூமியை ஆட்டாதீங்க" என்றாள் ரசியா. காபியைத் தொடவில்லை.

பழனிவேலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரசியா கொட்டித் தீர்த்தாள். நிலோஃபருக்குச் சிதம்பரத்து மாப்பிள்ளை ரஃபீக்கைப் பேசி முடித்தது அவருக்குத் தெரியும். ரஃபீக் சார்ஜாவில் வேலை பார்க்கிறான். இந்த மாதம் லீவில் வந்திருக்கிறான், முப்பதாம் தேதி திரும்ப வேண்டும். அதற்குள் நிக்காஹ் முடித்து, விசிட் விசாவில் நிலோஃபரையும் கையோடு கூட்டிப் போவதாக ஏற்பாடு. மண்டபமும் இளவரசியின் தம்பி ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில் நடத்துகிறதுதான். ஆவணி முழுக்க முகூர்த்தம், மண்டபத்தில் எறும்பு நுழைய இடமில்லை. புரட்டாசி பிறந்தால் இந்துக்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் ஈயடிக்கும். அதனால் பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்தெட்டு என்று மூன்று நாள் கொடுத்திருந்தான். மாப்பிள்ளை வீட்டில் மூன்றுக்கும் சரி என்றார்கள். குலாம் மூன்றையும் வேண்டாம் என்றுவிட்டார்.

"காரணம் கேட்டா மெக்சிகோங்கறாரு, தைவான்ங்கறாரு. மாப்பிள்ளையோட அம்மா இன்னைக்கு போன் பண்ணி, 'பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க, தைவானை எதுக்கு இழுக்கறீங்க'ன்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

பழனிவேல் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். நான்தானா? என் வாய்தானா? வாசலைப் பார்த்தார். நிலோஃபர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. இளவரசி ரசியா தொடாத காபியை எடுத்துக்கொண்டாள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே பழனிவேல் குலாமின் முன்னால் போய் நின்றார்.

"ஏன் மச்சான், என் பஞ்சாங்கத்தை அத்தனை வருஷம் கிண்டல் பண்ணியே, இப்ப நீ பார்க்கறதுக்குப் பேரு இன்னா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?" குலாம் ஒரு குடையை விரித்துப் பார்த்து மடக்கினார். "ராவு காலம், எமகண்டம் எல்லாம் எவனோ உக்காந்து போட்ட கணக்கு. எங்கள்ல அதெல்லாம் பார்க்கக் கூடாது. ஹிஸ்டரி அப்படியா? நடந்தது. போட்டோ இருக்குது. அனுப்புனதே நீதான்."

பழனிவேல் ராத்திரியெல்லாம் தேடிவைத்திருந்த நல்ல செய்தியை எடுத்து வீசினார். "இருபத்தி நாலு வச்சுக்க. நம்ம மங்கள்யான் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த நாள். உலகமே கை தட்டுச்சு."

கல்யாணப் பேச்சில் செவ்வாய் என்று சொல்ல அவருக்கே நாக்குக் கூசியது. அவர் வீட்டுப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் ஜாதகத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நல்லவேளை, குலாமுக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்கு வேறு பயம்.

"போச்சுல்ல, திரும்பி வந்துச்சா?"

"அது எப்படித் திரும்பி வரும்? அங்கியே சுத்துறதுக்குத்தான் அனுப்புனது. கொஞ்ச வருஷம் கழிச்சுப் பேச்சுமூச்சு இல்லாமப் போச்சு."

"அப்ப என் பொண்ணும் போயிட்டு அங்கியே சுத்திக்கிட்டு, பேச்சுமூச்சு இல்லாமப் போயிடணுமா?"

குலாம் கேட்ட குரலில் விளையாட்டு இல்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவர் பழனிவேல். ஆனால் அவர் விவாதத்தில் தோற்றுப்போன எரிச்சலில் இருந்தார். "உன்னாண்ட மனுஷன் பேசுவானா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் கடைசியாக ஒரு தவணை கொடுத்தார்கள். மண்டபத்துக்கே எல்லோரும் வரட்டும், அங்கேயே தேதி முடிவாகட்டும், இல்லையென்றால் பேச்சு இத்தோடு போகட்டும். பெண்ணின் மாமன் என்கிற முறையில் பழனிவேலையும் அழைத்தார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் குலாமும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் ரசியாவும் நிலோஃபரும் இருந்தார்கள். "வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க. அது போதும்" என்று இளவரசி சொல்லி அனுப்பியிருந்தாள்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் சமாதானத்துக்கு வந்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ரஃபீக் சுவரோரம் நின்று நிலோஃபரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயப்பிரகாஷ் டைரியோடு வந்து, குலாமைப் பார்த்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"மாமா கோச்சுக்காதீங்க. நீங்க இழுத்துக்கிட்டே போனதால, இருபத்தி மூணுலேருந்து மாசக் கடைசி வரைக்கும் சேலைக் கண்காட்சிக்கு விட்டுட்டேன். பத்தொம்பது, இருபத்தொண்ணும் போச்சு. நீங்க வேணாம்னதும் நெல்லிக்குப்பம் பார்ட்டி ஒண்ணு எடுத்துக்குச்சு. இருக்கறது இருபத்தி ரெண்டு ஒண்ணுதான்."

"எங்களுக்குச் சரி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்களுக்கும் சரி" என்றாள் ரசியா.

எல்லோரும் குலாமைப் பார்த்தார்கள். குலாம் பழனிவேலைப் பார்த்தார். "இருபத்தி ரெண்டு இன்னா மச்சான்?"

இளவரசி சொல்லி அனுப்பியது ஞாபகம் இருந்தது. ரசியாவின் கண் எச்சரித்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ஆனால் தேதியைக் கேட்டவுடன் சம்பவத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எம்டன்! முதல் உலகப் போர் மச்சான். ஜெர்மன்காரன் கப்பல் ராத்திரியோட ராத்திரியா வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டது செப்டம்பர் இருபத்தி ரெண்டு. துறைமுகத்துல எண்ணெய் டேங்க்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிட்டாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. ஜெயப்பிரகாஷ் டைரியை மூடிவிட்டான்.

"மெட்ராஸ்" என்றார் குலாம், முகம் வெளுத்து. "மெக்சிகோ இல்ல, தைவான் இல்ல. நம்ம மெட்ராஸ். அங்கேருந்துதான் பொண்ணு பிளேன் ஏறணும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "வாடா ரஃபீக்கு, போலாம். இவுங்க பொண்ணு குடுக்க வரல. நம்மளுக்குப் பாடம் நடத்த வந்திருக்காங்க."

நிலோஃபர் பழனிவேலைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். 'ஏன் மாமா?' என்று மட்டும் கேட்கிற பார்வை அது. அந்த நிமிஷம், உலகத்தில் நடந்த அத்தனை பூகம்பத்தையும் தானே முன்னால் நின்று நடத்திவைத்த மாதிரி பழனிவேல் கூனிக்குறுகிப் போனார். ஏதாவது ஒரு நல்லது வேண்டும். இருபத்தி ரெண்டில், இதே புரட்டாசியில், எங்கேயாவது ஏதாவது நல்லது நடந்திருக்காதா?

புரட்டாசி என்றதும் மூக்கில் ஒரு வாசனை அடித்தது. பிரியாணி வாசனை.

"தங்கச்சி, உங்க நிக்காஹ் எப்ப?" என்றார் பதறிப்போய்.

"ஜமாதுல் அவ்வல் மாசம்" என்று குலாம் பதில் சொன்னார். அவருக்குத் தன் கல்யாணம் பிறைக் கணக்கில்தான் தெரியும்.

"உன்னைக் கேக்கல மச்சான், நீ சும்மா இரு. தங்கச்சி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அது புரட்டாசி. நான் கவுச்சி தொடல. ஊரே பிரியாணியை வழிச்சு வழிச்சுத் தின்னுச்சு, நான் மட்டும் ரெண்டு வாழைப்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை. இங்கிலீஷ் தேதி இன்னா?"

ரசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "செப்டம்பர் இருபத்தி ரெண்டு" என்றாள். "இத்தனை வருஷத்துல அந்தத் தேதியை என்னாண்ட கேட்ட முதல் ஆளு நீங்கதான்."

மாப்பிள்ளையின் அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். பழனிவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, விடியற்காலைப் பதிவு போடுகிற அதே தோரணையில் அறிவித்தார்.

"வரலாற்றில் இன்று. செப்டம்பர் இருபத்தி ரெண்டு. குலாம் முகம்மதுக்கும் ரசியாவுக்கும் நிக்காஹ். தொகுப்பு, பழனிவேல். நேர்ல பார்த்தது."

குலாம் வாயைப் பிளந்துகொண்டு ரசியாவைப் பார்த்தார். "எம்டன் அன்னைக்கா உன்னைக் கட்டுனேன்?"

"ஆமா. எத்தனை குண்டு விழுந்துச்சு, சொல்லுங்க பார்ப்போம்."

"டெய்லி விழுது" என்றார் குலாம். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். அதற்கப்புறம் மண்டபமே சிரித்தது. குலாமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நாளு கெட்டதுன்னு இல்ல மச்சான்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "எந்த நாளா இருந்தாலும் அவ போயிடுவாளே. எனக்குப் பயமா இருக்குது. சார்ஜா ரொம்ப தூரம்."

நிலோஃபர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தா, செவ்வாய்க்குப் போனது திரும்பி வரலன்னு சொன்னீங்களாமே. அதுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போடல அத்தா. எனக்கு நோன்புக்கு முந்தியே ரிட்டர்ன் போட்டிருக்காரு." சுவரோரம் நின்ற ரஃபீக் போனை எடுத்து டிக்கெட்டைக் காட்டுவதற்காக ஓடிவந்தான். பதற்றத்தில் போன் கீழே விழுந்தது. அதில் விழுந்த கீறலோடுதான் டிக்கெட்டைக் குலாம் பார்த்தார்.

இருபத்தி ரெண்டாம் தேதி நிக்காஹ் நடந்தது. எம்டனும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. ஜெயப்பிரகாஷ் மண்டபத்துப் பின்னால் தோட்டத்தில் அடுப்பு போட இடம் கொடுத்திருந்தான். பிரியாணி தம் உடைத்த வாசனை மேலவீதி வரைக்கும் போயிருக்கும். பழனிவேல் பந்தியில் ஓரமாக ஒரு இடம் பிடித்து, இந்தத் தடவையும் வாழைப்பழம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் முன்னால் தலைவாழை இலை விழுந்தது. சாம்பார், வத்தக்குழம்பு, வடை, பாயசம் எல்லாம் வந்தன. தனியாக ஒரு சமையல்காரரை வைத்துச் செய்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு இலை விழுந்தது. அதில் வந்து உட்கார்ந்தவர் பெண்ணின் தகப்பன்.

"நீ ஏன் மச்சான் இங்க? போய் பிரியாணி சாப்புடு."

"போன தடவை நீ வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருந்ததை மாப்பிள்ளைக் கோலத்துல நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எழுந்து வர முடியல" என்றார் குலாம். சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வடையைப் பிட்டார். பிட்டதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இலையைப் பார்த்தபடி கேட்டார்.

"மச்சான், முப்பதாம் தேதிதான் பிளேன். முப்பதுல உலகத்துல இன்னா நடந்துச்சு?"

பழனிவேலுக்கு லாத்தூர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆகஸ்டிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த லாத்தூர். படம் தயார், வாசகம் தயார். அந்தப் பாழாய்ப்போன வாய் திறந்துகொள்வதற்குள் ஒரு முழு வடையை எடுத்து அதற்குள் திணித்தார். மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"முப்பதா?" என்றார். "நானும் தேடிப் பார்த்துட்டேன் மச்சான். ஒண்ணுமே நடக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

குலாம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வடையைச் சாப்பிட்டார்.

முப்பதாம் தேதி விடிந்து, வெயில் ஏறிய பிறகும் குழுவில் பதிவு வரவில்லை. பங்காளிகளுக்குப் பொறுக்கவில்லை. 'இன்று என்ன அண்ணே?' என்று ஒருவர் கேட்டார். 'உடம்பு சரியில்லையா?' என்றார் இன்னொருவர். பழனிவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

'வரலாற்றில் இன்று: ஒன்றும் இல்லை. தொகுப்பு: பழனிவேல்.'

முதல் கட்டைவிரல் மீனம்பாக்கத்திலிருந்து வந்தது. அதற்குக் கீழேயே குலாம் எழுதியிருந்தார்: 'பொண்ணு ஏறிட்டா மச்சான்.'